தபாலுக்குக் கவ்வாத்து

பதுளையிலிருந்து நமுனுகுல மலை வரைக்கும் உள்ள தோட்டங்களில் ஜனங்களை அதிகமாக அழ வைத்தது எது என்று கேட்டால், முதலில் அம்மை, அடுத்தது தபால். நான் சொல்லும் தபால் கடுதாசி அல்ல, ஒரு மனிதர். அம்மைகூட ஒரு வருடம் வரும், ஒரு வருடம் வராது. தபால் மாசி மாதம் தவறாமல் அழ வைத்துவிடுவார்.

பெற்றவர்கள் அவருக்கு வைத்த பெயர் ஒன்று இருந்திருக்க வேண்டும். தோட்டத்தில் அது யாருக்கும் தெரியாது. தினமும் காலையில் தோல் பையை மாட்டிக்கொண்டு மலையிறங்கிப் பதுளைத் தபால் கந்தோருக்குப் போவார். துரைக்கு வந்த கடிதம், பத்திரிகை, ரொட்டி எல்லாவற்றையும் வாங்கிக்கொண்டு சாயங்காலம் ஏறி வருவார். ரயில் பதுளைக்கு வராத காலம் அது. உலகத்தில் நடப்பதெல்லாம் அவருடைய காலை நம்பித்தான் எங்கள் தோட்டத்துக்கு வந்துகொண்டிருந்தது.

நான் அங்கே சின்னக் கணக்கப்பிள்ளை. பெரிய யுத்தம் தொடங்குவதற்கு இரண்டு மூன்று வருடம் முன்னால் திருச்சிப் பக்கத்திலிருந்து கோட்டும் குடையுமாக வந்து இறங்கியவன். வேலைக்கு வந்தவர்களுக்குப் பேர் போடுவது, கொழுந்து நிறுப்பது, துரை கத்தும்போது தலையைக் குனிந்துகொள்வது, இவைதான் என் உத்தியோகம். பாட்டு என்றால் எனக்கு ஆகாது. நாலு வார்த்தையில் சொல்ல வேண்டியதை நாற்பது வார்த்தையில் இழுத்துச் சொல்வது எதற்கு என்று நினைக்கிற ஜாதி. இருந்தும் தபால் கட்டிய பாட்டையெல்லாம் முதலில் கேட்டவன் நான்தான். கொழுந்து நிறுக்கும் கொட்டகை அவர் ஏறி வரும் பாதையில் இருந்தது. அதைத் தவிர வேறு தகுதி எனக்குக் கிடையாது.

அவருக்கு உட்கார்ந்தால் பாட்டு வராது. நடந்தால்தான் வரும். அதிலும் இறங்கும்போது வராது, மேட்டில் மூச்சு வாங்கும்போதுதான் வரும். ஒரு வரி வந்துவிட்டால் அப்படியே நின்றுவிடுவார். ஒரு கால் தூக்கியிருந்தால் அது தூக்கினபடியே இருக்கும். அதைக் கீழே வைத்தால் வரி ஓடிவிடும் என்பது அவருடைய நம்பிக்கை.

ஒரு நாள் பதுளைப் பாதையில் இருந்த சின்னப் பாலத்தின் நடுவில் இப்படி நின்றுவிட்டார். தேயிலைப் பெட்டி ஏற்றிய மாட்டு வண்டி பின்னால் வந்து நின்றது.

"யோவ், ஒதுங்குய்யா" என்றார் வண்டிக்காரர்.

"ரெண்டாவது அடி வரட்டும். போறேன்."

"அதுவரைக்கும் மாடு நிக்காதுய்யா."

தபால் திரும்பாமல், "நின்னுகிட்டுதானே இருக்கு" என்றார். மாடு நின்றுகொண்டுதான் இருந்தது. கொஞ்ச நேரத்தில் பின்னால் இன்னும் மூன்று வண்டி சேர்ந்துவிட்டது. இரண்டாவது அடி வந்த பிறகுதான் பாதை திறந்தது. அந்த அடியை எனக்கும் சொன்னார். ரதி தன் கைவளையலை உடைப்பது பற்றியது. அதற்காக நாலு வண்டியை நிறுத்தியிருக்க வேண்டாம் என்று எனக்குப் பட்டது.

மழைக் காலத்தில் துரைக்கு இதனால் பெரிய கஷ்டம். ஒரு நாள் என்னைக் கூப்பிட்டு ரொட்டியைக் காட்டினார். பிழிந்தால் தண்ணீர் வரும் நிலையில் இருந்தது.

"ரொட்டி ஏன் ஈரம்?"

"மழைங்க துரை."

"மழைக்குத் தொப்பி இருக்குது, சாக்கு இருக்குது. தபால் ஏன் ரோட்டிலே நிக்குது?"

"பாட்டுக் கட்டுறாருங்க துரை."

"என்ன மாதிரிப் பாட்டு?"

"சோகப் பாட்டுங்க."

துரை ரொட்டியைச் சற்று நேரம் பார்த்தார். "சரி, போ" என்றார்.

இந்தச் சோகப் பாட்டு எதற்கு என்பதைச் சொல்ல வேண்டும். மாசியில் தோட்டங்களில் காமன் கூத்து நடக்கும். சிவனுடைய தவத்தைக் கலைக்கப் போன மன்மதன் எரிந்து சாம்பலாவான். அவன் மனைவி ரதி வந்து ஒப்பாரி வைப்பாள். மூன்றாம் நாள் மன்மதன் எழுந்துவிடுவான். ரதி வேஷத்தை ஆண்பிள்ளைதான் கட்டுவார். எங்கள் தோட்டத்தில் தச்சு வேலை பார்க்கும் ஆசாரி, மீசையை எடுத்துவிட்டுக் கட்டுவார். எல்லாத் தோட்டத்திலும் இதே கதைதான். எங்கள் தோட்டத்தில் மட்டும் ஒரு வழக்கம் கூடுதலாக இருந்தது. ரதியின் ஒப்பாரி வருடா வருடம் புதிதாக இருக்க வேண்டும். பழைய பாட்டை எடுத்தால் பெண்கள் முந்தானையை உதறிக்கொண்டு எழுந்து போய்விடுவார்கள். ஏன் என்று கொழுந்தெடுக்கும் ஒருத்தியிடம் கேட்டேன்.

"அது போன வருசம் செத்தவங்களுக்கு அழுததுங்க ஐயா. இந்த வருசம் செத்தவங்களுக்கு எதை வச்சு அழுறது?"

தொழிலாளிகள் குடியிருக்கும் லயத்தில் ஒருவர் செத்தால் மறுநாள் விடியற்காலையில் வேலைக்குக் கிளம்ப வேண்டும். கடலுக்கு அப்பால் ஊரில் செத்தவர்களின் சேதி, காரியமெல்லாம் முடிந்து ஒரு மாதம் கழித்து வரும். அழுவதற்கு நேரமும் கிடையாது, இடமும் கிடையாது. எல்லாவற்றையும் சேர்த்துவைத்து மாசியில் ரதியோடு அழுது தீர்ப்பார்கள். நான் சொல்லும் வருடம் ஐப்பசி மழையில் என் அம்மா போய்விட்ட சேதி வந்தது. தபால்தான் கொண்டுவந்து கொடுத்தார். படித்தேன், மடித்தேன், கோட்டுப் பையில் வைத்துக்கொண்டு மிச்சக் கொழுந்தை நிறுத்தேன். எனக்கு அழுகை வரவில்லை.

அந்த வருடம் பார்த்துத்தான் தபாலுக்குப் பாட்டு நின்றுபோயிற்று.

காரணம் ஊருக்கே தெரியும். மூக்காயி. அதற்கு முன் தபால் தனிக்கட்டை. லயத்தில் அவர் படுக்கும் இடத்துக்கு நேர் மேலே கூரை ஒழுகும். கடைவாயில் ஒரு சொத்தைப் பல். தன் சமையலைத் தானே சாப்பிட்டு வந்தார். அந்தச் சமையலை நான் ஒரு தடவை சாப்பிட்டிருக்கிறேன். அதை இரண்டு வேளை சாப்பிடுகிற யாரும் ஒப்பாரி கட்டலாம். ஆவணியில் அவர் பசறைப் பக்கத்துத் தோட்டத்தில் கொழுந்தெடுத்துக்கொண்டிருந்த மூக்காயியைக் கல்யாணம் செய்துகொண்டார். அவள் முதல் புருஷனைக் காய்ச்சலில் பறிகொடுத்தவள். வந்த வாரமே தபாலைப் பிடித்து உட்காரவைத்துப் பல்லைப் பிடுங்க வைத்தாள். கூரைக்குத் தகரம் போட்டாள். கருவாடும் கத்தரிக்காயும் போட்டு அவள் வைக்கும் குழம்பின் வாசனை லயம் முழுக்க வரும். தபால் சதை போட்டார். பையின் வார் குறுக்கே போகாமல் பக்கவாட்டில் தொங்க ஆரம்பித்தது. மேடு ஏறும்போது சீழ்க்கை அடித்தார்.

மார்கழியில் கொட்டகையில் என் முன்னால் வந்து நின்று புது ஒப்பாரியைச் சொன்னார்.

"வாழையிலை வாடிப்போச்சே, வச்ச பொட்டு கலைஞ்சுபோச்சே,
கத்தரிக்கா கருவாடு கமகமன்னு கொதிச்சிருச்சே."

"என்ன தபாலு, புருஷன் செத்ததுக்கு ரதி விருந்து வைக்கிறாளா?"

"அதாங்க ஐயா எனக்கும் விளங்கல. அழுதுகிட்டுத்தான் ஆரம்பிக்கிறேன். ரெண்டாவது வரியில பசி எடுத்துருது."

அவர் சும்மா இருக்கவில்லை. துக்கத்தை வரவழைக்கத் தன்னால் ஆனதையெல்லாம் செய்தார். சுடுகாட்டில் போய் உட்கார்ந்து பார்த்தார். காற்று நன்றாக வந்ததால் தூங்கிவிட்டார். கூரைத் தகரத்தைப் பிரித்துப் பார்த்தார். மூக்காயி அன்று சாயங்காலமே அதைத் திரும்பப் போட்டுவிட்டாள். வேறு வழியில்லாமல் அவளோடு சண்டை போட்டுப் பார்த்தார். கத்தி முடிக்கும்வரை கேட்டுக்கொண்டிருந்துவிட்டு அவள், "பசிக்குதாங்க?" என்றாளாம். அவரும் ஆமாம் என்றாராம்.

தை பிறந்தும் பாட்டு பிறக்கவில்லை. விஷயம் பெரிய கங்காணியிடம் போயிற்று. பெரிய கங்காணி தலைப்பாகையும் கடுக்கனும் வெள்ளிப் பூண் போட்ட தடியுமாக இருப்பார். தேயிலையைப் பற்றி அவருக்குத் தெரியாதது கிடையாது. தேயிலையைத் தவிர வேறு எதைப் பற்றியும் தெரிந்துகொள்ள அவசியம் இருப்பதாக அவர் நினைத்ததும் கிடையாது. தபாலை வாசலில் நிறுத்தி ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தார்.

"கணக்கப்பிள்ளை, கொழுந்து வரலைன்னா என்ன பண்ணுவோம்?"

"உரம் போடுவோங்க."

"உரந்தான் கூடிப்போச்சே." தடியால் தபாலின் வயிற்றைத் தொட்டுக் காட்டினார். "செடி கண்டபடி வளந்துட்டா கொழுந்து நின்னுரும். அப்ப என்ன?"

"கவ்வாத்துங்க."

"அவ்வளவுதான். நாளைக்கே பண்ணிருவோம்."

தேயிலைத் தோட்டம் பார்க்காதவர்களுக்காகச் சொல்கிறேன். கவ்வாத்து என்றால் வளர்ந்து முற்றிய செடியை முழங்கால் உயரத்துக்கு வெட்டிவிடுவது. வெட்டின மலையைப் பார்த்தால் தீப்பிடித்து அணைந்த இடம் மாதிரி இருக்கும். கொஞ்ச நாள் கழித்துக் கொழுந்து தள்ளிக்கொண்டு வரும். மனிதனுக்கும் அப்படியே வரும் என்று கங்காணி சொன்னபோது அங்கிருந்தவர்கள் எல்லோரும் தலையை ஆட்டினார்கள். நானும் ஆட்டினேன். தபாலிடம் யாரும் கேட்கவில்லை. செடியிடம் கேட்டுக் கவ்வாத்துப் பண்ணும் வழக்கம் எங்கள் தோட்டத்தில் இல்லை.

மறுநாள் நாவிதர் வந்தார். தலைமுடி போயிற்று, மீசை போயிற்று.

"புருவத்தை என்னங்க செய்ய?" என்று கேட்டார் நாவிதர்.

கங்காணி யோசித்தார். "அது இருக்கட்டும். கொஞ்சம் நிழல் மரமும் வேணும்" என்றார்.

வெற்றிலை நிறுத்தப்பட்டது. கருவாடு நிறுத்தப்பட்டது. கவ்வாத்து முடிந்தால் செடியின் அடிக்கட்டையில் இருக்கும் பாசியைச் சுரண்டிவிடுவது முறை. அதனால் தை மாதக் குளிரில் தபாலை ஓடையில் உட்காரவைத்துத் தேங்காய் நாரால் இரண்டு பேர் தேய்த்தார்கள். அவர் பல் கிட்டிப்போய் உட்கார்ந்திருந்தார். இதுவரைக்கும் எல்லோருக்கும் சிரிப்பாகத்தான் இருந்தது.

பிறகு கங்காணி, "பெரிய கிளை இன்னும் அப்படியே இருக்கு" என்று மூக்காயியைப் பார்த்தார். அவள் பசறைப் பக்கம் அண்ணன் வீட்டுக்குப் போய்விட வேண்டும். மாசிக்குள் பாட்டு வந்தால் திரும்பலாம். வராவிட்டால் வேறு தோட்டத்துப் பாட்டுக்காரரை வைத்துக் கூத்து நடக்கும். "ராசியில்லாதவ அங்கேயே இருந்துக்கட்டும்" என்றார்.

அந்த வார்த்தையை மூக்காயி முதல் புருஷன் செத்தபோதே ஒரு தடவை கேட்டிருந்தாள். துணியை மூட்டை கட்டித் தலையில் வைத்துக்கொண்டாள். "குழம்பு மூடி வச்சிருக்கேன், சுட வச்சுக்குங்க" என்று புருஷனிடம் சொல்லிவிட்டு நடந்தாள். குழம்புக்கும் தடை என்று சொல்ல அந்த நேரத்தில் கங்காணிக்கே வாய் வரவில்லை.

அடுத்த நாளிலிருந்து தபால் பை இருட்டிய பிறகுதான் வர ஆரம்பித்தது. துரை என்னைக் கூப்பிட்டார்.

"கணக்கப்பிள்ளை, பேப்பர்லே கருவாடு வாசம் வருது."

"ஆமாங்க துரை."

"ஏன்?"

"கவ்வாத்துங்க துரை."

துரை மேற்கொண்டு கேட்கவில்லை. இந்தத் தோட்டத்தில் சில கேள்விகளுக்கு ஒரு பதிலுக்கு மேல் கேட்டால் தலைவலி வரும் என்பதை அவர் அனுபவத்தில் தெரிந்துவைத்திருந்தார். தபால் எங்கே போகிறார் என்று பார்த்துவரச் சொல்லி என்னை அனுப்பினார்.

எங்கே போகிறார் என்று கண்டுபிடிக்க மூளை தேவைப்படவில்லை. பதுளையில் பையை நிரப்பிக்கொண்டு நேரே பசறைப் பாதையில் ஏறினார். நான் குடையும் கையுமாகப் பின்னாலேயே போனேன். மூக்காயியின் அண்ணன் லயத்துக்குப் பக்கத்தில் ஒரு கொய்யா மரம் இருந்தது. அதன் மறைவில் நின்றுகொண்டேன். மூக்காயி மலையிலிருந்து அப்போதுதான் வந்திருந்தாள். கொழுந்துக் கூடையைக்கூட இறக்கவில்லை. தபால் மொட்டைத் தலையோடு அவள் முன்னால் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். விடியற்காலையில் பேர் போடும் பெரட்டுக் களத்தில் வேலை வாங்க நிற்கும் ஆள் அப்படித்தான் நிற்பான்.

"எங்க, இன்னிக்கி உள்ளது?" என்றாள்.

"இன்னிக்கி ஒண்ணும் வரல."

"வரலைன்னா? மனசு வந்தாத்தான் நான் மலைக்குப் போறேனா? பெரட்டுக்குத் தப்பு அடிச்சா எந்திரிக்கிறேன். மழைன்னாலும் போறேன், இடுப்பு வலின்னாலும் போறேன். போய்க் கையை வச்சா கொழுந்து வருது. கையை வைக்காம வாசல்ல நின்னுகிட்டு வரல, வரலைன்னா எங்கேருந்து வரும்?"

"பாட்டு வேற, மூக்காயி."

"என்ன வேற? நல்லாருக்கோ இல்லையோ நாலு அடி சொல்லுங்க. சொல்லாட்டி சோறு இல்ல."

தபால் கண்ணை மூடிக்கொண்டு தங்கநிலா, வெள்ளிநிலா என்று என்னமோ சொன்னார்.

"முத்தல் எலை. தூக்கிப் போடுங்க. அடுத்தது."

இன்னொன்று சொன்னார். அதில் ஒரு மானும் மயிலும் வந்தன.

"இதுவும் முத்தல். அடுத்தது."

நான் கொட்டகையில் கூடையைக் கிளறிக் கழிக்கும்போது இருக்கும் அதே முகம் அவளுக்கு. இப்படியே ஆறு ஏழு போயிற்று. தபாலுக்கு வேர்த்துவிட்டது. கடைசியில் அடிச்சத்தம் கேட்குது என்று ஏதோ ஒரு வரி வந்தது. மூக்காயி தலையைச் சாய்த்துக் கேட்டாள்.

"இந்த ஒரு வரி தேறும். மத்தது வேணாம். அரைப்பேரு."

சொன்ன நிறைக்குக் கொழுந்து எடுக்காதவர்களுக்கு அரை நாள் சம்பளம்தான். அதுதான் அரைப்பேர். அதைத் தினமும் போட்டுப் போட்டு நான் தோட்டத்தில் பாதிப் பேருடைய சாபத்தை வாங்கியிருந்தேன். புருஷனுக்கு அரைப்பேர் போட்ட பெண்ணை அன்றுதான் பார்த்தேன். உள்ளே போய்த் தட்டில் அரைவாசி சோறு போட்டுக் கொண்டுவந்து வைத்தாள். அவர் மறுபேச்சுப் பேசாமல் உட்கார்ந்து சாப்பிட்டார்.

"கணக்கப்பிள்ளை ஐயா, அந்த மரத்துல எறும்பு இருக்கு. இங்கிட்டு வந்து சாப்பிடுங்க" என்றாள்.

எனக்குத் தட்டு நிறையச் சோறு கிடைத்தது. ஒரு வரிகூடக் கட்டாதவனுக்கு முழுப்பேரா என்று தபால் என் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். திரும்பி வந்து துரையிடம் பாதை மோசமாக இருக்கிறது என்று சொன்னேன். பாதை எப்போதும் மோசமாகத்தான் இருந்தது.

மாசி வந்தது. தேறிய வரிகளை வைத்துக்கொண்டு தபால் கடைசி நாள்வரை மாற்றிக்கொண்டே இருந்தார். கூத்தன்று கங்காணி, எதற்கும் இருக்கட்டும் என்று பக்கத்துத் தோட்டத்துப் பாட்டுக்காரர் ஒருவரைச் சால்வை போர்த்தி நாற்காலியில் உட்காரவைத்திருந்தார். மூக்காயி வரக்கூடாது என்பது கட்டளை. மன்மதன் எரிந்தான். ஆசாரி, ரதியாக முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு சாம்பலுக்கு முன்னால் உட்கார்ந்தார். தபால் பின்னால் நின்று அடி எடுத்துக் கொடுத்தார். மொட்டைத் தலையில் அரை விரல் முடி முளைத்திருந்தது.

"ஆத்தோரப் பாதையில அடிச்சத்தம் கேக்குதுன்னு
சோத்தை எடுத்துவச்சேன், ராசா,
சுடுசோறு ஆறிப்போச்சே.

அரைத்தட்டு சோறு வச்சா ஆங்காரம் பண்ணுவியே,
நிறைதட்டு போட்டு வச்சேன், ராசா,
நீ உக்கார வரலையே.

கடலுக்கு அந்தாண்ட கண்மூடிப் போனாயோ,
கடுதாசி வந்து சேர, ராசா,
காரியமும் முடிஞ்சிருச்சே."

மூன்றாவது கண்ணி முடிவதற்குள் பெண்கள் ஒருத்தி கழுத்தை ஒருத்தி கட்டிக்கொண்டுவிட்டார்கள். ஒவ்வொருத்தியும் அவளவளுடைய ஆளைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டு அழுதாள். ஆசாரிக்கு அடுத்த அடி வாயில் வரவில்லை. எனக்கு என் அம்மா ஞாபகம் வந்தது. நான் சாப்பிட வராத நாளெல்லாம் அவள் தட்டை மூடிவைத்துக்கொண்டு காத்திருப்பாள். ஐப்பசியில் வராத அழுகை அன்றைக்குத்தான் வந்தது. கோட்டோடு தரையில் உட்கார்ந்து அழுதேன். யாரும் என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. எல்லோருக்கும் அவரவர் வேலை இருந்தது.

பெரிய கங்காணி தலைப்பாகையை அவிழ்த்து முகத்தைத் துடைத்துக்கொண்டு, "பாத்தீங்களா, நான் கைவச்ச செடி துளிர்க்காம போனதில்ல" என்றார். சால்வை போர்த்தியிருந்த பாட்டுக்காரரும் அழுது முடித்துவிட்டு, எந்த நாவிதர் என்று விசாரித்தார். தப்படிப்பவருக்குக் கொஞ்ச நாளாகக் கை சுரத்தில்லை, அடுத்த கவ்வாத்து அவருக்குத்தான் என்று கங்காணி சொன்னது காதில் விழுந்ததும், தப்படிப்பவர் வெலிமடையில் சொந்தக்காரர் இருப்பதாகச் சொல்லிக் கிளம்பிவிட்டார்.

உண்மையைச் சொல்லிவிடலாமா என்று தபாலிடம் கேட்டேன்.

"வேணாங்க ஐயா. கவ்வாத்துன்னே இருக்கட்டும். மூக்காயி பெரட்டு வச்சதுன்னு வெளிய தெரிஞ்சா நாளைக்கு லயம் முழுக்க வீட்டுக்கு வீடு பெரட்டு வச்சிருவாங்க. ஆம்பளைங்க என்னைச் சும்மா விடமாட்டாங்க."

மூன்றாம் நாள் மன்மதன் எழுந்தான். அன்று காலையில் கங்காணி, மூக்காயியைக் கூட்டிக்கொண்டு வரலாம் என்று எல்லோர் காதிலும் விழும்படி சொன்னார். ராசியைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. தபால் பையை மாட்டிக்கொண்டு என் கொட்டகை வழியாக வந்தார். பதுளைக்குப் போய், பையை நிரப்பி, பசறைப் பாதையில் ஏறி, மூக்காயியையும் மூட்டையையும் கூட்டிக்கொண்டு வந்து சேர்வதற்குள் இருட்டிவிடும். நடையில் அவசரம் தெரிந்தது.

"பையை இங்க குடு தபாலு" என்றேன்.

"ஐயா, நீங்க கணக்கப்பிள்ளை."

"அது எனக்குத் தெரியும். நீ நேரா பசறைக்குப் போ."

அவர் பையைக் கழற்றிக் கொடுத்தார். மேட்டிலிருந்து ஓட்டமும் நடையுமாக இறங்கினார். கோட்டுக்கு மேல் தோல் பையை மாட்டிக்கொண்ட கணக்கப்பிள்ளையை அந்தப் பாதையில் யாரும் அதற்கு முன் பார்த்ததில்லை. வண்டிக்காரர்கள் மாட்டை நிறுத்திவிட்டே பார்த்தார்கள்.

"என்னங்க ஐயா, தபால் எங்க?" என்று ஒருவர் கேட்டார்.

"வீட்டுக்காரம்மாவைக் கூட்டியாரப் போயிருக்காரு" என்றேன்.

பை கனமாகத்தான் இருந்தது. ஏறி வரும்போது வார் தோளை அறுத்தது, துரையின் ரொட்டி முதுகில் குத்தியது. இருந்தாலும் அந்த மனிதருக்காக அன்றைக்கு இன்னும் இரண்டு மலை சேர்த்து ஏறச் சொல்லியிருந்தாலும் ஏறியிருப்பேன்.